பதினான்காம் மாடிவரை போன கண்டக்டர்

பள்ளிச் சான்றிதழ்படி திருப்பதி பிறந்த ஆண்டு 1966. குரல் பிறந்தது அதற்கு இருபது வருடம் கழித்து, 1986 சித்திரையில், புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் தனியார் பேருந்து ஒன்றின் பின்படிக்கட்டில். அதுவரை அந்தக் குரல் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பதற்கும் "ரைட்" என்பதற்கும் மட்டுமே பயன்பட்டு வந்தது.

அன்றைக்கு டிரைவர் ஒரு புதுக் கேசட்டைப் போட்டார். கீழ ராஜ வீதியில் முகமது இப்ராஹிம் நடத்திய ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியது. படத்தின் பெயர் 'நியான் வீதி'. படம் வெளிவரவே இல்லை. எடுத்தவர் பாதியில் கையை விரித்துவிட்டார். பாட்டு மட்டும் 1985 கடைசியில் இசைத்தட்டாக வந்து, அதில் ஒரே ஒரு தட்டு எப்படியோ புதுக்கோட்டைவரை வந்து சேர்ந்து, இப்ராஹிம் கையில் சிக்கியது. இசையமைத்துப் பாடியவர் கிளமென்ட் ராஜு என்று ஒருவர். அதற்கு முன்னும் யாரும் அவரைக் கேள்விப்பட்டதில்லை, பின்னும் அதிகம் இல்லை.

தவில் இல்லை, தபேலா இல்லை, புல்லாங்குழல் இல்லை. டிரம் அடித்ததுகூட மனுசன் இல்லை, மெஷின். கூடவே எலெக்ட்ரிக் கிட்டார், மரம் அறுக்கும் பட்டறை மாதிரி. அதற்கெல்லாம் மேலே கிளமென்ட் ராஜுவின் குரல், கம்பிமேல் நடப்பவனைப் போல உச்சியில் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது பாட்டுதான் பேருந்தைப் பிடித்துக்கொண்டது. காதலியின் வீட்டுக்குக் கதாநாயகன் லிஃப்டில் போகிறான். ஒவ்வொரு மாடிக்கும் மெட்டு ஒரு படி ஏறுகிறது. பதினான்காம் மாடியில் கதவு திறக்கும்போது "வந்துட்டேன்" என்று ஒரே ஒரு சொல், மூச்சு முட்டும்வரை நீளும். பேருந்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் லிஃப்டையே பார்த்ததில்லை. ஆனாலும் நமணசமுத்திரம் தாண்டும்போது எல்லாரும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரத்தில் திருப்பதி டேப்போடு சேர்ந்து பாட ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் டேப்பை நிறுத்திவிட்டு அவரைப் பாடச் சொன்னார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முந்தின பேருந்தை விட்டுவிட்டு இதற்காக நின்றார்கள். ஊரில் அதற்குப் பாட்டு வண்டி என்றே பெயராகிவிட்டது. நமணசமுத்திரத்திலிருந்து டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்த மணிமேகலையை அந்த வண்டியில்தான் பார்த்தார், பிறகு கட்டிக்கொண்டார். பாட்டில் மயங்கிக் கட்டிக்கொண்டாள் என்று உறவுக்காரர்கள் சொன்னபோதெல்லாம் மணிமேகலை மறுத்திருக்கிறார். "தெனமும் எனக்கு சன்னல் சீட் புடிச்சு வச்சிருந்தாரு. அதுக்குத்தான்."

திருவிழாக் கச்சேரிகளுக்கும் கூப்பிட்டார்கள். திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவில் தொடங்கி, சுற்றுவட்டாரத்தில் மேடை போட்ட இடமெல்லாம் அவர் ஏறினார். மற்றப் பாட்டெல்லாம் குழுவின் மற்றப் பாடகர்களுக்கு. லிஃப்ட் பாட்டு மட்டும் கண்டக்டருக்கு. காக்கிச் சட்டையோடு வந்து பாடிவிட்டு, அடுத்த டிரிப்புக்கு ஓடுவார்.

வேலை அவருக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்திருந்தது. ஏறியவர்கள் ஏறி முடித்ததும் யாராவது பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தைப் படபடவென்று தட்டுவார்கள். தட்டினால் திருப்பதியின் வலது கை தானாக உயரும், "ரைட்" என்பார், வண்டி கிளம்பும். அதில் யோசனைக்கு இடமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டியதற்கு, மதியத் தூக்கத்தில் இவர் கையைத் தூக்கி "ரைட்" சொன்னதை மணிமேகலை தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

புதுக்கோட்டைக்கு வெளியே உலகம் வேறு மாதிரி இருந்தது. கிளமென்ட் ராஜுவை யாரும் மதிக்கவில்லை. பாட்டு வந்த புதிதில் ஒரு வாரப் பத்திரிகை இரண்டே வரியில் விமர்சனம் எழுதியது: 'டிஸ்கோவை மாட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார். மாடும் படுத்துவிட்டது.' பாட்டு வண்டிப் பயணிகள் அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இவ்வளவு வேகமான பாட்டை மாட்டு வண்டி என்கிறானே, இவனுக்குக் காது இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த வரியை அவர்கள் நாற்பது வருடம் மறக்கவில்லை. விமர்சகர்கள் என்றாலே பாட்டைக் கேட்காமல் எழுதுகிறவர்கள் என்பதற்கு அதுதான் அவர்களிடம் இருந்த ஆதாரம்.

பேருந்து நின்றுபோன பிறகும் பயணிகள் கலையவில்லை. ஞாயிறுதோறும் மாலையில் திருக்கோகர்ணத்தில் ஒரு டீக்கடை முன்னால் கூடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் உண்டு. அதை நடத்துகிறவர் செவந்தி, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சிக் காலத்தில் தினமும் பாட்டு வண்டியில் போய்வந்தவர். இன்றைக்கும் கிளமென்ட் ராஜுவைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

குறைத்துச் சொல்லவென்றே ஒருவர் வருவார். அரவிந்த்குமார், திருமயத்தில் பள்ளி ஆசிரியர், கணக்கு. பாட்டு வண்டி ஓடிய காலத்தில் அவர் பிறந்திருக்கவே இல்லை. நல்ல மெட்டு, நல்ல வரி, மனுசன் வாசிக்கும் வாத்தியம் என்பது அவர் கட்சி. இரண்டு பக்கமும் வாரம் தவறாமல் மோதிக்கொள்ளும். ஒரு வாரம் டிரம் மெஷின், ஒரு வாரம் பாடல் வரிகள். லிஃப்டில் ஏறுபவன் எதற்காகப் பதினான்கு மாடிக்கும் பாட வேண்டும், நடுவில் யாருமே ஏறமாட்டார்களா என்பதில் ஒரு மாதம் போனது.

"தகரக் கொட்டகைல ஆலங்கட்டி மழை பேஞ்ச மாதிரி இருக்கு, அக்கா. இதைப் போயி இசைங்குறீங்க" என்றார் ஒருமுறை அரவிந்த்குமார்.

"நம்ம ஜில்லாவுல மழை பேஞ்சா எதுல பேஞ்சா என்ன, வாத்தியாரே? நல்லதுதானே" என்றார் செவந்தி.

விவாதம் முற்றினால் கடைசியில் எல்லாரும் திருப்பதியைப் பார்ப்பார்கள். அவர் எழுந்து நின்று கடைசி இரண்டு மாடியைப் பாடிக் காட்டுவார். "வந்துட்டேன்" முடியும்போது எதிரில் ஆட்டோ ஸ்டாண்டில் கைதட்டுவார்கள். அதோடு அந்த வாரம் முடியும். பேச்சில் ஜெயித்தது யார் என்பது அதன்பின் முக்கியமில்லை.

இந்த ஆண்டு மாசியில் மேடையில் அந்த "வந்துட்டேன்" வரவில்லை. பதின்மூன்றாம் மாடியிலேயே குரல் இரண்டாகப் பிளந்து, ஒன்று கீழேயும் ஒன்று காற்றாகவும் போனது. தூசி என்றார். பனி என்றார். பங்குனியிலும் சரியாகாமல் போகவே மணிமேகலை அவரைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் இளைஞர். மூக்கு வழியாக மெல்லிய கம்பியை விட்டு, திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டு. ஒன்றின் ஓரத்தில் அரிசி மாதிரி ஒரு கட்டி. வண்டியில் கத்தியது பாதிக் காரணம் என்றார். மீதிப் பாதிக்காக என்ன பாடுவீர்கள் என்று கேட்டார். போனில் இருந்த ஒரு கச்சேரி வீடியோவை மணிமேகலை போட்டுக் காட்டினார். டாக்டர் முழுசாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்க குரலுக்கு இது ரொம்ப மேல இருக்கே. கொஞ்சம் எறக்கிப் பாடியிருக்கலாமே. யாரு இந்த ஸ்ருதியில பாடச் சொன்னது?"

"ஒரிஜினல் ஸ்ருதி சார் அது" என்றார் திருப்பதி. "எறக்குனா அந்தப் பாட்டு இல்ல."

கட்டியை அறுத்து எடுக்க வேண்டும், அதன்பின் பேச்சு வந்துவிடும், பாட்டு வருமா என்று இப்போது சொல்ல முடியாது, அதுவரை உச்சத்தில் ஒருதடவைகூடப் பாடக் கூடாது என்றார் டாக்டர். திருப்பதி தலையாட்டினார். ஆடி முடியட்டும், வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆடியில்தான் விழா. 'நியான் வீதி'க்கு நாற்பது வருடம் ஆகிறது என்று செவந்தி திட்டம் போட்டிருந்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது, திருக்கோகர்ணத்தில் மண்டபம் சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பட்டிமன்றம்: 'கிளமென்ட் ராஜு தந்தது இசையா, இரைச்சலா?' இசை அணிக்குச் செவந்தி, இரைச்சல் அணிக்கு அரவிந்த்குமார், நடுவராக ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். முடிவில் திருப்பதியின் பாட்டு. அழைப்புப் பத்திரிகையிலும் அவர் பெயர்தான் பெரிய எழுத்தில்.

விழா வேலை நடந்துகொண்டிருந்த வைகாசியில் இன்னொன்று நடந்தது. பழைய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று 'நியான் வீதி' பாடல்களை இணையத்தில் ஏற்றியது. குழுவில் யாரோ அதை அனுப்ப, எல்லாரும் ஆசையாகத் திறந்தார்கள். லிஃப்ட் பாட்டு தொடங்கியது. மெதுவாகத் தொடங்கியது. மெதுவாகவே போனது. பாடியவர் குரல் யாரோ சாப்பிட்டுவிட்டுப் பாடுவதுபோலத் தடித்திருந்தது. டிரம் மெஷின்கூட அலுத்துக்கொண்டு அடிப்பதுபோல இருந்தது.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கம்பெனிக்காரன் ஓட்டத்தைக் குறைத்து ஏற்றிவிட்டான், கிளமென்ட் ராஜுவை அசிங்கப்படுத்துகிறான் என்று குழு கொதித்தது. திருப்பதி பாட்டின் அடியிலேயே நீளமாகக் கண்டனம் எழுதினார். அதற்குப் பதில்கள் வந்தன. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தன்னிடம் அசல் தட்டு இருப்பதாகவும் அதில் இப்படித்தான் இருக்கிறது என்றும் எழுதினார். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் அதையே சொன்னார். இல்லை, பாட்டு வேகமானதுதான் என்று திருப்பதிக்கு ஆதரவாகவும் ஐந்தாறு பேர் எழுதியிருந்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று விசாரித்தார். திருமயம். நமணசமுத்திரம். இன்னொரு திருமயம். சிங்கப்பூரிலிருந்து எழுதியவர்கூட, சொந்த ஊர் அரிமளம் அண்ணே, ஒங்க வண்டியிலதான் காலேஜ் போனேன் என்றார்.

வேகமாகக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பேருந்தில் போனவர்கள்.

திருப்பதி அன்று மத்தியானமே கீழ ராஜ வீதிக்குப் போனார். இப்ராஹிமின் ரெக்கார்டிங் சென்டர் இப்போது செல்போன் கவர் கடை. கடையை மகன் அப்ரார் பார்த்துக்கொள்கிறான். இப்ராஹிம் ஓரத்தில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கிறார். பழைய ரெக்கார்டு பிளேயர் மேலே பரணில் தூசியோடு இருந்தது. திருப்பதி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாய், நீங்க அப்பப் பதிஞ்சு குடுத்த டேப்பெல்லாம் ஓட்டம் சரியா இருக்குமா?"

"எதுப்பா சரி? அறுவது நிமிசக் கேசட்டு. ஆளாளுக்குப் பாட்டை அதிகமாக் கேப்பாங்க. கடைசிப் பாட்டு பாதில அறுந்துச்சுன்னா ஒங்க டிரைவர் என்னைய அறுத்துருவாரு. பிளேயர் மோட்டார் கம்பில செலோ டேப்பு ரெண்டு சுத்து சுத்தி விட்ருவேன். தட்டு வெரசாச் சுத்தும், பாட்டெல்லாம் உள்ள ஒக்காந்துரும். நம்ம லைன்ல எல்லாரும் பண்றதுதானே."

"எல்லாப் பாட்டுக்குமா பாய்?"

"எல்லாத்துக்கும்தான். மத்தப் பாட்டை ஜனங்க ரேடியோவுல கேட்டுக்கிட்டாங்க. இந்த ஆளு பாட்டை எந்த ரேடியோ போட்டான்?" இப்ராஹிம் சிரித்தார். பிறகு எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஏன்ப்பா, எதுவும் பிரச்சனையா?"

நாற்பது வருடமாகப் பெருநாள் பிரியாணி அனுப்புகிற மனுசன். ரெண்டு சுத்து செலோ டேப். அதன்மேல் கோபப்பட முடியுமா? "ஒண்ணுமில்ல பாய், டீ சொல்லுங்க" என்றார்.

டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டரைச் சித்தன்னவாசல் பக்கம் விட்டார். வெயில் நேரம், மலையடிவாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, போனில் அந்த மெதுவான பாட்டைப் போட்டு, கூடவே மெல்லப் பாடிப் பார்த்தார். முழுசாக ஒரு கட்டை கீழே இருந்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி என்று தொண்டை எங்கேயும் உரசவில்லை. பத்துக்கு மேலே பயந்துகொண்டே போனார். பதினான்காம் மாடியில் கதவு தானாகத் திறந்தது. "வந்துட்டேன்" என்ற சொல்லில் ஒரு களைப்பு இருப்பது அவருக்கு அப்போதுதான் கேட்டது. ஏறி ஏறி ஓய்ந்துபோனவன் சொல்கிற சொல் அது. நாற்பது வருடமாக அவர் அதைப் போட்டியில் ஜெயித்தவனைப் போலப் பாடிக்கொண்டிருந்தார்.

குகை ஓவியம் பார்த்துவிட்டு இறங்கிய ஒரு குடும்பம் நின்று அவரைப் பார்த்தது. வயசான ஒருவர் பாறையடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பதைக் கண்டு, தண்ணி வேணுமா ஐயா என்று கேட்டார்கள்.

யாருமே பாடாத ஓர் உயரத்தில் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை யாரிடம் முறையிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கிளமென்ட் ராஜு பதினான்காம் மாடியில் இறங்கிப் போயிருக்கிறார். புதுக்கோட்டை மட்டும் லிஃப்டைவிட்டு இறங்காமல் இன்னும் இரண்டு மாடி ஏறியிருக்கிறது. ஒன்றே ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. ஆபரேஷனுக்கு முன்னால், மேடையில், ஒருதடவையாவது அந்தப் பாட்டை அது இருக்கிற இடத்தில் வைத்துப் பாடிவிட வேண்டும். அதற்கு அவரிடம் குரல் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் விஷயத்தைச் சொன்னார். கேசட் வேகமானதைப் பற்றிச் சொல்லும்போது செலோ டேப்பையும் இப்ராஹிமின் பெயரையும் விட்டுவிட்டார், ஏதோ மிஷின் கோளாறு என்றார்.

"அப்பன்னா அந்தப் பத்திரிகைக்காரன் சரியாத்தான் கேட்டிருக்கான்" என்றார் அரவிந்த்குமார். கேலியாகச் சொல்லவில்லை. கணக்கு தப்பாகப் போன இடத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். அதுதான் செவந்திக்குப் பொறுக்கவில்லை.

"கண்டக்டரண்ணே, நான் கேட்டது ஒங்க வண்டியில. எங்க அப்பா செத்த வருசம் டிரெயினிங் போகப் பிடிக்காம ஏறுவேன், திருமயத்துல எறங்குறப்ப உசுரு வந்திருக்கும். அந்தப் பாட்டுதான் எனக்குப் பாட்டு. மெட்ராஸ்ல அந்த ஆளு எப்படிப் பாடுனாருன்னு எனக்கு எதுக்கு?"

"இல்லம்மா, அவரு பாடுனது..."

"அவரு பாடுனதை அவரு வீட்டுல கேட்டுக்கட்டும்."

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். திருப்பதிக்கு வயதாகிவிட்டது, ஏற முடியவில்லை, அதனால் இறக்கப் பார்க்கிறார் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னால் சாக்குச் சொல்வதுபோல ஆகிவிடும். சொல்லாமலே எழுந்து வந்தார்.

ஆனால் ஒருவரிடம் மட்டும் பேசி வைத்தார். கீபோர்டு வாசிக்க வருவது ரம்யா, திருமயத்தில் ஒரு கச்சேரிக் குழுவில் இருக்கிற பெண். அவளிடம் அசல் பாட்டை அனுப்பி, இந்த ஸ்ருதி, இந்த வேகம், கூட்டச் சொல்லி நான் கையைத் தூக்கினால் தவிர நீயாக எதையும் மாற்றாதே என்று சொன்னார். "சரிங்கண்ணே. ஒங்க கையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள் ரம்யா.

பட்டிமன்றத்துக்குக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பழைய பயணிகள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பந்தி மண்டபத்திலிருந்து நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டும் போதவில்லை. இப்ராஹிம் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மணிமேகலை கடைசி வரிசையில், ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு.

அரவிந்த்குமார் நியாயமாகப் பேசினார். அசல் பாட்டை ஸ்பீக்கரில் ஒரு நிமிடம் போட்டுக் காட்டி, இதில் எங்கே வேகம், எங்கே உயிர் என்று கேட்டார். மண்டபம் கூச்சல் போட்டது. அது போலி என்றது. செவந்தி எழுந்து, காகிதத்தில் இருப்பதை வைத்தோ தட்டில் இருப்பதை வைத்தோ பாட்டைத் தீர்மானிக்க முடியாது, அது எந்த ஜனங்களுக்கு என்ன செய்தது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று பேசினார். டிரம் மெஷினைத் திட்டுகிறவர்கள் மாவு மெஷினில் அரைத்த இட்லியைச் சாப்பிடுவதில்லையா என்றும் கேட்டார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. "இப்பப் பாருங்க சாட்சியை" என்று முடித்தார்.

திருப்பதி மேடை ஏறினார். ரம்யாவைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு அது இருக்கும் இடத்தில் தொடங்கியது.

முதல் மூன்று மாடிக்கு மண்டபம் காத்திருந்தது. மைக் சரியில்லை, இப்போது சரியாகிவிடும் என்று நினைப்பவர்களைப்போல. ஐந்தாம் மாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருப்பதி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். தொண்டை உரசவில்லை. அவர் இதுவரை எங்கேயும் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. அதைக் கேட்டவர்கள் அந்த மண்டபத்தில் இரண்டு பேர் இருந்திருக்கலாம். ஒருவர் அரவிந்த்குமார். அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"என்ன கண்டக்டரே, டயர் பஞ்சரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. யாரோ கைதட்டி வேகம் எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். வரிசை வரிசையாக அது முன்னால் வந்தது. சிலர் தகர நாற்காலியின் முதுகில் தட்ட ஆரம்பித்தார்கள். படபடவென்று, விடாமல், தகரத்தில்.

திருப்பதியின் வலது கை உயர்ந்தது.

அவர் கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் அது உயர்ந்துவிட்டிருந்தது. ரம்யா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னபடி செய்தாள். ஒரு விரலால் வேகத்தைக் கூட்டினாள், இன்னொரு விரலால் ஸ்ருதியை ஒரு கட்டை மேலே தூக்கினாள். மண்டபம் எழுந்து நின்றது.

நிறுத்தியிருக்கலாம். இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் கிளம்பிய வண்டியிலிருந்து கண்டக்டர் எப்படி இறங்குவார்? எட்டாம் மாடி, ஒன்பதாம் மாடி. மணிமேகலை கடைசி வரிசையிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. வேண்டாம் என்று கையால் சொல்லிக்கொண்டே வந்தார். பன்னிரண்டில் தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது. பதின்மூன்றில் பாதி காற்றுதான் வந்தது. பதினான்காம் மாடியில் அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

வராதது யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் மண்டபம் முழுவதும் அந்த "வந்துட்டேன்"ஐப் பாடிக்கொண்டிருந்தது. செவந்தி கையைத் தூக்கிப் பாடினார். இப்ராஹிம் எழுந்து நின்று, கண்கலங்கப் பாடினார். பேருந்து ஸ்ருதியில், கொஞ்சமும் பிசகாமல், எல்லாரும் அந்த உயரத்துக்குப் போய் நின்றார்கள். திருப்பதி மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தார். பிறகு மூடினார்.

இசையே என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். கீழே இறங்கியதும் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். எப்படி இருந்துச்சுண்ணே என்று செவந்தி கேட்டதற்கு, திருப்பதி தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று செவந்தி மற்றவர்களிடம் சொன்னார். அரவிந்த்குமார் மட்டும் கூட்டம் கலையும்வரை நின்று, வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சாவது மாடி வரைக்கும் நீங்க பாடுனது நல்ல பாட்டுண்ணே. நான் தோத்திருப்பேன்."

திருப்பதி உதட்டை அசைத்தார். மணிமேகலை அவர் வாயைப் பொத்தி, வெந்நீரைக் கையில் கொடுத்தார்.

அடுத்த ஆடிக்கும் அதே மண்டபத்தைச் சொல்லி வைத்துவிட்டார்கள். லிஃப்ட் பாட்டை ரம்யா பாடுவதாக ஏற்பாடு, பேருந்து ஸ்ருதியிலேயே. திருப்பதி இப்போது வீட்டில் சைகையில்தான் பேசுகிறார். வரும் புதன்கிழமை காலை திருச்சியில் ஆபரேஷன். முதல் நாள் மாலையே வந்து சேர்ந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.